இடைவேளை எடுத்தும் களைப்பு போகவில்லையே, எங்கே தப்பு?

ஒற்றுப்பிழை (இழையைத் தொடங்கியவர்) · திங்கள், காலை 11.20

மெய்ப்புப் பார்ப்பது என் தொழில். வீட்டிலிருந்தே வேலை. ஒரு நாளைக்கு ஏழெட்டு மணி நேரம் திரையில் எழுத்துகளை மேய்கிறேன். காலையில் முதல் ஒரு மணி நேரம் கண் நன்றாக இருக்கும். ‘பணி’ வர வேண்டிய இடத்தில் ‘பனி’ வந்தால் பக்கத்தைத் திறந்ததுமே உறுத்தும். பதினொரு மணிக்கு மேல் அதே பிழை கண்ணெதிரே நின்று கையசைத்தாலும் பார்க்காமல் கடந்துவிடுகிறேன்.

போன மாதம் ஒரு நூலின் பின்னட்டையில் “ஆற்றங்கறையில் வளர்ந்தவர்” என்று அச்சாகிவிட்டது. ‘கரை’ கறையாகி, என் கையைத் தாண்டித்தான் போயிருக்கிறது. நூலாசிரியரைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். நல்ல மனிதர், சிரித்துவிட்டார். எனக்குத்தான் இரண்டு நாள் தூக்கம் போனது.

அதற்குப் பிறகு ஒழுங்காக இடைவேளை எடுக்கலாம் என்று 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்று கைப்பேசியில் மணி வைத்தேன். மணி அடிக்கும். அதை நிறுத்தக் கைப்பேசியை எடுப்பேன். எடுத்த கையோடு செய்தி, யாரோ போட்ட சண்டை, நாலு காணொளி. ஐந்து நிமிடம் பதினைந்தாகும். திரும்பி உட்கார்ந்தால் களைப்பு அப்படியே இருக்கிறது, கூடவே குற்ற உணர்ச்சியும் சேர்ந்துகொள்கிறது.

இடைவேளை எடுப்பவர்கள் உண்மையில் என்னதான் செய்கிறீர்கள்?

---

சந்தேகப்பிராணி · திங்கள், காலை 11.52

முதலில் அந்த 25-ஐ விடுங்கள். 1980-களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர், படிப்பில் மனம் ஒன்றாமல், தக்காளி வடிவத்தில் இருந்த ஒரு சமையலறைக் கடிகாரத்தை முறுக்கி வைத்துப் படித்தார். அதுதான் ‘பொமொடோரோ’ முறை. இத்தாலியில் தக்காளிக்கு அந்தப் பெயர். அவருக்கு ஒத்துவந்த அளவு உங்களுக்கும் ஒத்துவர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

அடுத்து யாராவது வந்து “90 நிமிடத்துக்கு ஒரு முறை” என்பார்கள், அதற்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். நத்தானியேல் கிளெய்ட்மன் என்ற தூக்க ஆய்வாளர், தூக்கத்தில் ஏறத்தாழ 90 நிமிடச் சுழற்சி இருப்பதைப் பார்த்து, விழித்திருக்கும்போதும் அதே தாளம் ஓடலாம் என்று கருதினார். தூக்கத்தில் அது உறுதியான விஷயம். விழித்திருக்கும் நேரத்துக்கு ஆதாரம் சோகைதான். ஆனாலும் 90 நிமிடத்தை வைத்து ஊரெல்லாம் வகுப்பு எடுக்கிறார்கள்.

உங்களுக்கு எப்போது கண் வழுக்குகிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அதற்குக் கொஞ்சம் முன்னால் எழுந்திருங்கள். எண் அவ்வளவுதான்.

---

ராத்திரி ஷிஃப்ட் · திங்கள், பகல் 2.10

தம்பி, நீங்கள் எடுத்தது இடைவேளையே இல்லை. ஒரு மெய்ப்பை வைத்துவிட்டு இன்னொரு மெய்ப்பை எடுத்திருக்கிறீர்கள். வேலையிலும் எழுத்து, ஓய்விலும் எழுத்து. அதே கண், அதே தூரம், அதே குனிந்த கழுத்து. சுமை தூக்குகிறவர் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு ஐந்து நிமிடம் இன்னொரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றால் அதை ஓய்வு என்போமா?

நான் செவிலியர். எங்களுக்கு மணி வைத்து எழுந்து போகிற வசதியெல்லாம் கிடையாது. ஆனால் ஒவ்வொரு நோயாளியைத் தொடும் முன்னும் பின்னும் கையைச் சுத்தம் செய்தாக வேண்டும். கிருமிநாசினித் திரவத்தைத் தேய்த்தால் 20 முதல் 30 வினாடி, சோப்புப் போட்டுக் கழுவினால் 40 முதல் 60 வினாடி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. முன்பெல்லாம் தேய்க்கும்போதே அடுத்த படுக்கைக்கு என்ன மருந்து என்று மனம் ஓடிக்கொண்டிருக்கும். இப்போது அந்த அரை நிமிடம் மட்டும் கையைப் பார்க்கிறேன். திரவம் உள்ளங்கையில் சில்லென்று விழுவது, விரல் இடுக்கில் இறங்குவது, கட்டைவிரலைச் சுற்றித் தேய்ப்பது, கடைசியில் ஈரம் பறந்து தோல் லேசாக இழுப்பது. அவ்வளவுதான். ஒரு ஷிஃப்டில் எத்தனை தடவை கை தேய்க்கிறேன் என்று எண்ணியதில்லை, ஆனால் அத்தனையும் எனக்குக் கிடைத்த இடைவேளை. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

---

இரட்டையர் அம்மா · திங்கள், பகல் 2.48

எல்லோரும் கைப்பேசியை வில்லனாக்குவதற்குள் நானும் கொஞ்சம் பேசிக்கொள்கிறேன். பத்து மாத இரட்டைக் குழந்தைகள். இரண்டும் ஒரே நேரத்தில் தூங்குவது ஒரு நாளைக்கு ஒரு முறை, இருபது நிமிடம். அந்த இருபது நிமிடம் கைப்பேசியில்தான் போகிறது. பெரியவர்கள் பேசுகிற ஒரு வாக்கியத்தைக் கேட்க எனக்கு அதுதான் வழி. “மூச்சைக் கவனி, மரத்தைப் பார்” என்று யாராவது சொன்னால் அழுகை வருகிறது. எனக்கு அதுவும் இன்னொரு வேலையாகத் தெரிகிறது.

---

ராத்திரி ஷிஃப்ட் · திங்கள், பகல் 3.05

தங்கச்சி, உங்களுக்குச் சொன்னதில்லை அது. நாள் முழுக்க இரண்டு குழந்தைகளுக்குக் காது கொடுத்தவர், இருபது நிமிடம் ஒரு தோழியின் குரலைக் கேட்டால் அதுதான் ஓய்வு. எழுத்தைப் பார்த்தே களைத்தவர் எழுத்தைப் பார்க்க வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

---

சந்தேகப்பிராணி · திங்கள், பகல் 3.31

கைப்பேசி விஷயத்தில் ராத்திரி ஷிஃப்ட் அக்கா பக்கம் கொஞ்சம் ஆதாரம் இருக்கிறது. 2019-ல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் 414 மாணவர்களிடம் எழுத்து மாற்றிப் போட்ட சொற்புதிர்களைக் கொடுத்தார்கள். பாதியில் சிலருக்கு இடைவேளை. இடைவேளையில் சிலர் கைப்பேசியைப் பார்த்தார்கள், சிலர் தாளையோ கணினியையோ பார்த்தார்கள். திரும்பி வந்து மீதியைப் போடும்போது கைப்பேசிக்காரர்கள்தான் மெதுவாகவும் குறைவாகவும் போட்டார்கள். இடைவேளையே எடுக்காதவர்களோடு கிட்டத்தட்ட ஒரே வரிசையில் நின்றார்கள்.

எழுத்து மாறிய சொற்களைக் கண்டுபிடிப்பது என்றால் நம் ஒற்றுப்பிழையாரின் வேலைதான். அதனால் அவருக்கு இது பொருந்தும். குழந்தை வளர்ப்புக்குப் பொருந்துமா என்று அந்த ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது. இரட்டையர் அம்மா, நீங்கள் பாட்டுக்குப் பாருங்கள்.

---

பழைய வாத்தியார் · திங்கள், மாலை 6.15

முப்பத்து நான்கு ஆண்டு வகுப்பறை. இரண்டு பாடவேளைக்கு நடுவில் ஐந்து நிமிடம் இருக்கும். எட்டாம் வகுப்பு கணக்கை முடித்துப் பத்தாம் வகுப்புக்குப் போனால், கால் போய்விடும், தலை போகாது. பத்தாம் வகுப்பு வாசலில் நின்றுகொண்டு எட்டாம் வகுப்பில் ஒரு பையன் ஏன் வகுத்தலில் தடுக்கினான் என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

எனக்கு மூத்த ஆசிரியர் ஒருவர் ஒரு பழக்கம் சொல்லிக் கொடுத்தார். மணி அடிப்பதற்கு அரை நிமிடம் முன்னால் குறிப்பேட்டின் ஓரத்தில் ஒரு வரி எழுது: நாளைக்கு இந்த வகுப்பில் வாயைத் திறந்ததும் என்ன சொல்லப் போகிறாய். “வகுத்தல், மூன்றாம் கணக்கு, கடைசி பெஞ்ச் பையனைக் கூப்பிடு.” இவ்வளவுதான். எழுதி மூடியதும் அந்த வகுப்பு என்னை விட்டுவிடும். தாழ்வாரத்தின் மூலைக்குப் போய்ச் சும்மா நிற்பேன். அந்த ஐந்து நிமிடம் அன்றைக்குத்தான் ஐந்து நிமிடமாக இருந்தது.

ஒற்றுப்பிழைத் தம்பி, நீங்கள் எழுந்திருக்கும்போது வேலையை எங்கே விட்டுவிட்டு எழுந்திருக்கிறீர்கள்?

---

ஒற்றுப்பிழை · திங்கள், மாலை 6.40

ஐயா, மணி அடித்த இடத்தில். சில நேரம் ஒரு சொல்லின் நடுவில்.

யாரும் கேட்டதில்லை இதை. யோசித்தால், எழுந்து போனாலும் “அந்த வாக்கியத்தில் எழுவாய் ஒருமையா பன்மையா” என்று உள்ளே ஒன்று சுரண்டிக்கொண்டே இருக்கும். அந்தச் சுரண்டல் கேட்காமல் இருக்கத்தான் கைப்பேசியை எடுக்கிறேன் போலிருக்கிறது.

---

சந்தேகப்பிராணி · திங்கள், இரவு 8.02

வாத்தியார் ஐயா குறிப்பேட்டின் ஓரத்தில் செய்ததை உளவியலில் ஆய்வாகவே செய்திருக்கிறார்கள். முடிக்காத வேலை மனத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பதை 1927-ல் புளூமா செய்கார்னிக் எழுதினார். பிற்காலத்தில் திரும்பச் செய்து பார்த்த எல்லோருக்கும் அதே முடிவு கிடைக்கவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். 2009-ல் சோபி லெராய் என்பவர் அதையே அலுவலக வேலைக்குக் கொண்டுவந்தார். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது கவனத்தில் ஒரு பகுதி முதல் வேலையிலேயே தங்கிவிடுகிறது. அந்த மிச்சத்துக்கு அவர் ஒரு பெயர் வைத்தார், தமிழில் ‘கவன எச்சம்’ என்று சொல்லலாம். பிறகு 2018-ல் அவரும் இன்னொருவரும் சேர்ந்து, எழுந்திருக்கும் முன் “எங்கே நிற்கிறேன், திரும்பி வந்ததும் முதலில் என்ன செய்வேன்” என்று எழுதி வைத்தால் அந்த எச்சம் குறைகிறது என்று காட்டினார்கள்.

இது மட்டும் நான் சந்தேகப்படாத விஷயம். ஏனென்றால் நானே செய்கிறேன்.

---

கடைசி நிறுத்தம் · திங்கள், இரவு 10.20

இங்கே பெரும்பாலும் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள் பேசுகிறீர்கள். நான் பேருந்து ஓட்டுகிறேன். ஒவ்வொரு நடை முடிவிலும் கடைசி நிறுத்தத்தில் கொஞ்ச நேரம் கிடைக்கும், நெரிசல் இருந்தால் அதுவும் போய்விடும். முன்பு அந்த நேரத்தில் இருக்கையிலேயே உட்கார்ந்து கைப்பேசி. இப்போது எஞ்சினை நிறுத்திவிட்டு ஒரு காரியம் செய்கிறேன்: எஞ்சின் நின்ற பிறகு உடம்பில் அதிர்வு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கவனிப்பது. முதலில் உள்ளங்கையில் இருக்கும், அப்புறம் முழங்காலுக்குப் பக்கத்தில், கடைசியாகப் பல்லில். ஆமாம், பல்லில்தான். தாடையைக் கடித்துக்கொண்டே ஓட்டுகிறேன் என்பதே எனக்கு இப்படித்தான் தெரிந்தது. அது அடங்கியதும் இறங்கி வண்டியைச் சுற்றி ஒரு நடை. டயரையும் பார்த்த மாதிரி ஆச்சு.

---

இரட்டையர் அம்மா · திங்கள், இரவு 10.34

பல்லில் அதிர்வு! படித்ததும் என் தாடையைக் கவனித்தேன். கடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

---

நீர்க்குமிழி · செவ்வாய், காலை 7.50

புதிதாகச் சேர்ந்தவள். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அலுவலகத்தில் தினமும் பத்து நிமிடம் கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொல்கிறார்கள். எல்லோருக்கும் அமைதி வருகிறதாம். எனக்குக் கண்ணை மூடி இரண்டு நிமிடத்தில் நெஞ்சு படபடக்கிறது. மூச்சைக் கவனிக்கக் கவனிக்க மூச்சே சரியாக வராத மாதிரி இருக்கிறது. வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது. எனக்கு மட்டும்தானா?

---

ராத்திரி ஷிஃப்ட் · செவ்வாய், காலை 9.15

உங்களுக்கு மட்டும் இல்லைம்மா. இப்போதுதான் பணி முடிந்து வந்தேன், ஆனாலும் இதற்குப் பதில் எழுதிவிட்டுத்தான் தூங்குவேன்.

தியானப் பயிற்சிகளில் சிலருக்குப் பதற்றமும் மனச்சோர்வும் கூடும் என்பது மருத்துவ இதழ்களில் பதிவான விஷயம். 2020-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது ஏறத்தாழ 8 விழுக்காட்டினரிடம் ஏதோ ஒரு வகைப் பாதிப்பு தெரிந்தது. பழைய அதிர்ச்சி எதையாவது சுமக்கிறவர்களுக்கும், பதற்றச் சிக்கல் உள்ளவர்களுக்கும், கண்ணை மூடி உள்ளே பார்ப்பது கதவைத் தாழிட்டுவிட்டு அதோடு தனியாக உட்காருகிற மாதிரி ஆகிவிடலாம்.

எனவே கண்ணை மூடாதீர்கள். மூச்சையும் விட்டுவிடுங்கள். உடம்பில் வேறெங்காவது கவனத்தை வைக்கலாம், பாதம் நல்ல இடம். செருப்புக்குள் குதிகால் எங்கே அழுந்துகிறது, பெருவிரல் எங்கே முட்டுகிறது என்று பாருங்கள். அல்லது வெளியே எதையாவது பாருங்கள். பத்து நிமிடமும் வேண்டாம், அரை நிமிடம் போதும். அலுவலகத்தில் “எனக்குக் கண் திறந்திருந்தால்தான் ஒத்துவருகிறது” என்று சொன்னால் போதும், காரணம் சொல்ல வேண்டிய அவசியமில்லை. படபடப்பு மற்ற நேரத்திலும் வருகிறது என்றால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சு விஷயம், நாமாக முடிவு கட்டக் கூடாது.

---

நீர்க்குமிழி · செவ்வாய், காலை 9.22

நன்றி அக்கா. மற்ற நேரத்தில் இல்லை. ஆனாலும் ஒரு முறை காட்டிவிடுகிறேன்.

---

கண்ணாடிப்பெட்டி · செவ்வாய், காலை 10.05

கண் சோதனை செய்து கண்ணாடி கொடுக்கிற தொழில். சுருக்கமாக: 20 நிமிடத்துக்கு ஒரு முறை, 20 அடி தள்ளி இருப்பதை, 20 வினாடி பாருங்கள். 20 அடி என்பது ஆறு மீட்டர். கிட்டத்தில் பார்க்கும்போது கண்ணுக்குள் ஒரு தசை சுருங்கியே இருக்கும், தூரத்தில் பார்த்தால் தளரும். இன்னொன்று, திரையைப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது குறைந்துவிடும், கண் காய்வது அதனால்தான். எனவே தூரத்தில் பார்க்கும்போது வேண்டுமென்றே நாலு தடவை முழுசாகச் சிமிட்டுங்கள். 20, 20, 20 என்ற எண்கள் நினைவில் நிற்பதற்காக வைத்தது. 19 அடி என்றால் குற்றமில்லை.

---

சந்தேகப்பிராணி · செவ்வாய், பகல் 12.40

எல்லாம் சரி, ஒரு கசப்பைச் சொல்கிறேன். நீர்க்குமிழியின் அலுவலகம் பத்து நிமிடம் மூச்சைக் கவனிக்கச் சொல்வது யாருக்காக?

ஃபிரெடரிக் டெய்லர் என்று ஒரு பொறியாளர். 1899 வாக்கில் ஓர் அமெரிக்க எஃகு ஆலையில் இரும்புப் பாளம் சுமப்பவர்களைக் கடிகாரம் வைத்து அளந்தார். ஒரு பாளம் 92 பவுண்டு, 42 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு நாளில் 43 விழுக்காடு நேரம்தான் ஒருவர் சுமையோடு இருக்கலாம், மீதி நேரம் வெறுங்கையாக இருக்க வேண்டும் என்றார். உட்காரச் சொன்னால் உட்கார், தூக்கச் சொன்னால் தூக்கு. அப்படிச் செய்ததில் ஒரு நாளைக்கு பன்னிரண்டரை டன் ஏற்றியவர் 47 டன் ஏற்றினார் என்று எழுதி வைத்தார். அந்தக் கதையில் மிகை நிறைய என்று பின்னால் வந்தவர்கள் தோண்டிக் காட்டினார்கள். கதை போகட்டும். அதில் ஓய்வு எதற்காக? இன்னும் 35 டன் ஏற்றுவதற்காக.

இன்றைக்கு ‘மன நலத்துக்காக இடைவேளை’ என்று பேசுகிற பல இடங்களிலும் எனக்கு டெய்லர் வாடை அடிக்கிறது. வேலைப் பளுவைக் குறைக்க மாட்டார்கள், ஆள் சேர்க்க மாட்டார்கள், மூச்சு விடக் கற்றுக் கொடுப்பார்கள்.

---

கடைசி நிறுத்தம் · செவ்வாய், பகல் 1.15

இதைத்தான் நான் சொல்ல வந்தேன், வார்த்தை வரவில்லை. கடைசி நிறுத்தத்தில் எனக்குக் கிடைக்கிற நேரம் அட்டவணையில் இருக்கிறது, ரோட்டில் இல்லை. அந்த நேரம் போய்விட்டால் தாடையைக் கவனித்து என்ன பயன்?

---

சந்தேகப்பிராணி · செவ்வாய், பகல் 1.28

அண்ணே, ஐரோப்பிய ஒன்றியத்தில் கனரக வாகன ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்தியே ஆக வேண்டும். வண்டியில் ஒரு கருவி அதைப் பதிவு செய்யும். அங்கே இடைவேளை அவர் குணத்தைப் பொறுத்ததில்லை, சட்டத்தைப் பொறுத்தது. அப்படி இருந்தால்தான் அந்த 45 நிமிடத்தில் பல்லைக் கவனிக்கலாமா, குறட்டை விடலாமா என்ற பேச்சே எழும்.

---

பழைய வாத்தியார் · செவ்வாய், மாலை 5.50

சந்தேகத் தம்பி, நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் ஒன்று கேட்கிறேன். இடைவேளை எடுத்தால் வேலை கூடுகிறது என்று சொல்லித்தான் அதைக் கேட்க வேண்டுமா? களைத்திருக்கிறேன், கொஞ்சம் நிற்கிறேன். இவ்வளவு போதாதா?

---

சந்தேகப்பிராணி · செவ்வாய், மாலை 6.30

போதும் ஐயா. வேடிக்கை என்னவென்றால் ஆய்வும் உங்கள் பக்கம்தான். 2022-ல் பத்து நிமிடத்துக்கு உட்பட்ட சிறு இடைவேளைகளைப் பற்றிய 22 ஆய்வுத் தொகுதிகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். தெம்பு கூடுகிறது, களைப்பு குறைகிறது, இரண்டும் சிறிய அளவில், ஆனால் தெளிவாக. வேலையின் தரம் கூடுகிறதா என்றால் ஒட்டுமொத்தமாக உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மூளையைக் கசக்குகிற வேலைக்குப் பத்து நிமிடம்கூடப் போதாமல் இருக்கலாம் என்றார்கள்.

அதாவது சிறு இடைவேளை முதலாளிக்கு லாபமா என்று தெரியாது, ஆளுக்கு நல்லது. எனக்கு இந்த முடிவு பிடித்திருக்கிறது.

---

ராத்திரி ஷிஃப்ட் · செவ்வாய், இரவு 7.45

பணிக்குக் கிளம்பும் முன் இரண்டு விஷயம்.

ஒன்று, சன்னல். எங்கள் படிப்பில் ஒரு பழைய ஆய்வு வரும். ரோஜர் உல்ரிக், 1984. பித்தப்பை அறுவைச் சிகிச்சை முடிந்தவர்களில் 23 ஜோடியை எடுத்தார். ஜோடியில் ஒருவருக்குச் சன்னல் வழியே மரங்கள் தெரியும், மற்றவருக்குச் செங்கல் சுவர். மரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், வீரியமான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. சின்ன ஆய்வுதான், அதை வைத்து மாளிகை கட்ட வேண்டாம். ஆனால் எழுந்து எங்கே போவது என்று தெரியாவிட்டால் சன்னலுக்குப் போங்கள். மிஷிகன் பல்கலைக்கழகத்து கப்லான் தம்பதி இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார்கள்: வேலை செய்யும்போது கவனத்தைப் பிடித்து இழுத்து வைத்திருக்கிறோம், அந்தப் பிடிதான் களைக்கிறது. இலை அசைவதும் மேகம் நகர்வதும் கவனத்தை அதட்டாமல் வாங்கிக்கொள்ளும், அந்த நேரத்தில் பிடி தளர்கிறது. கைப்பேசியும் கவனத்தை வாங்கும், ஆனால் சட்டையைப் பிடித்து.

இரண்டு, நீர்க்குமிழி தவிர மற்றவர்களுக்கு. மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் இரண்டு விரலை வைத்து நாடியைப் பிடியுங்கள். மூச்சை மெதுவாக உள்ளே இழுங்கள், அதைவிட மெதுவாக வெளியே விடுங்கள். இழுக்கும்போது நாடி கொஞ்சம் விரையும், விடும்போது தளரும். எல்லோருக்கும் விரலில் தெரிவதில்லை, ஆனால் இளவயதினருக்கு நன்றாகவே தெரியும். வேகஸ் என்ற நரம்பு செய்கிற வேலை. “நீளமாக மூச்சு விடு” என்று சொல்வது வெறும் ஆறுதல் பேச்சில்லை, விரல் நுனியில் சோதித்துப் பார்க்கக் கூடியது என்பதற்காகச் சொன்னேன். கிளம்புகிறேன்.

---

இரட்டையர் அம்மா · செவ்வாய், இரவு 9.10

அக்கா, நாடியைப் பிடித்தேன். கிடைத்தது. தளர்ந்தது. அந்த நேரம் பார்த்துச் சின்னவன் எழுந்துவிட்டான்.

---

ஒற்றுப்பிழை · பத்து நாள் கழித்து, வியாழன், காலை 10.45

இழையை மறந்துவிட்டேன் என்று நினைத்திருப்பீர்கள். செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

மணி வைப்பதை நிறுத்திவிட்டேன். ஒரு வரியை இரண்டாவது முறை படிக்கிறேன் என்று தெரிந்தால் அதுதான் இப்போது மணி. வாத்தியார் ஐயா சொன்ன மாதிரி மேசையில் ஒரு தாள். “பக்கம் 112, மூன்றாம் பத்தி வரை சரி, அடுத்து மேற்கோள் குறிகள்.” எழுதியதும் எழுந்திருப்பேன். கைப்பேசி வேறு அறையில். சன்னலுக்குப் போவேன்.

முதல் இரண்டு நாள் கொடுமை. சன்னலில் நின்று எதிரே இருக்கிற மரத்தைப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் கை சட்டைப்பைக்குப் போகிறது. பையில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் போகிறது. சும்மா நிற்பது இவ்வளவு கஷ்டமா என்று தேடியபோது 2014-ல் வந்த ஒரு சோதனை கிடைத்தது. ஆட்களைத் தனியறையில் 15 நிமிடம் சும்மா உட்கார வைத்தார்கள். பக்கத்தில் ஒரு பொத்தான். அழுத்தினால் மின் அதிர்ச்சி. அது வேண்டவே வேண்டாம் என்று முன்னாலேயே சொன்னவர்கள்தான். இருந்தும் 18 ஆண்களில் 12 பேர், 24 பெண்களில் 6 பேர் அழுத்தினார்கள். சட்டைப்பைக்குப் போன என் கை பரவாயில்லை என்று பட்டது.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, மரத்தில் ஒரு கிளை மட்டும் மற்ற கிளைகள் நின்ற பிறகும் ஆடிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். நுனியில் ஒரு பழைய கூடு. பாரம். இந்த வீட்டுக்கு வந்து நாலு வருடம் ஆகிறது. அந்தக் கூட்டை அன்றைக்குத்தான் பார்க்கிறேன். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும், எண்ணவில்லை.

பிழைகள் குறைந்தனவா என்று கேட்பீர்கள். தெரியவில்லை. விட்ட பிழையை எண்ண முடியாதே, எண்ண முடிந்தால் விட்டிருக்க மாட்டேன். சாயங்காலம் ஆறு மணிக்கு எழுந்திருக்கும்போது கண்ணுக்குப் பின்னால் இருந்த அந்த இறுக்கம் சில நாள் இல்லை. சில நாள் இருக்கிறது. நேற்று அவசர வேலை, காலையிலிருந்து ஒரு தடவைகூட எழுந்திருக்கவில்லை. சன்னல் ஞாபகமே வரவில்லை.

இப்போது பக்கம் 46-ல் நிற்கிறேன். குறிப்பை எழுதி வைத்து போகிறேன்.

---

கடைசி நிறுத்தம் · வியாழன், காலை 11.02

கூட்டில் ஏதாவது இருக்கிறதா?

---

பழைய வாத்தியார் · வியாழன், காலை 11.10

தம்பி, ‘வைத்து போகிறேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ‘ப்’ எங்கே?

---

ஒற்றுப்பிழை · வியாழன், காலை 11.31

இப்போதுதான் பார்த்தேன் ஐயா. திருத்தாமல் விடுகிறேன், எழுந்திருக்க வேண்டிய நேரம் தாண்டிவிட்டது என்பதற்குச் சாட்சி அது.

கடைசி நிறுத்தம் அண்ணே, கூடு காலி. ஆனால் இன்று காலை அதன் மேல் ஒரு அணில் உட்கார்ந்திருந்தது.